கர்க்கடகம் கழியட்டும்

இரண்டு விமானக் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் நந்தனாவை வேலைக்குக் கூப்பிட்டன. அதற்கு முந்தின இரண்டு வருஷம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அருமனைக்காரர்களின் அதிர்ஷ்டம் எப்போதுமே இப்படித்தான். வராமலே இருந்து கழுத்தை அறுக்கும், இல்லாவிட்டால் சேர்ந்து வந்து கழுத்தை அறுக்கும்.

அந்த நேரத்தில் அவளுடைய அப்பா கிருஷ்ணமணி, ஞானையன் சாருடைய விளையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். நான்கு வருஷத்துக்கு முன்பு வரைக்கும் அது கிருஷ்ணமணியின் விளை. அந்த மரங்களை நட்டு, வரிசை பிடித்து, முதல் கத்தி வைத்தவரும் அவர்தான். மகளை மகாராஷ்டிராவில் விமானம் ஓட்டப் படிக்க வைப்பதற்காக விற்றார். வாங்கின சாருக்குப் பால் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. மரத்தின் குணம் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிருஷ்ணமணியிடமே வந்து நின்றார். கிருஷ்ணமணி சரி என்று சொல்லிவிட்டார். தன் மரத்தையே கூலிக்கு வெட்டுகிறவனுக்கு மனசில் என்ன இருக்கும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு.

"அண்ணே, மகளுக்க ஏரோப்பிளேன் எப்ப எறங்கும்?" என்பான் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிற ஜஸ்டஸ். "ஸ்கூல் கிரவுண்டில கல்லு பெறுக்கி வைக்கட்டா?"

கிருஷ்ணமணி சிரித்துக்கொண்டே நடந்துவிடுவார். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் வீட்டில் இருக்கிற மகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்.

அன்று மழை பிடித்துக்கொண்டதால் பத்து மணிக்கே பால் எடுத்துவிட்டு வந்தார். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு வைத்து அவர் மனைவி ஓமனா பரிமாறினாள். நந்தனா சாப்பிடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஹிந்த்ஜெட்டும் கூப்பிட்டாச்சு, சஹ்யா ஏரும் கூப்பிட்டாச்சு."

"ரெண்டுமா?" கிருஷ்ணமணி கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "எது கொள்ளாம்?"

"ஹிந்த்ஜெட்டுதான். முன்னூறு பிளேனு. பெரிய ஏர்பஸ்ஸு. அதில கேறினா பின்ன ஆயுசுக்கும் பயமில்ல. சஹ்யாவுக்கு மொத்தமே ஒம்பது பிளேனுதான். சின்னது, ஃபேன் வச்சது."

"ஃபேனா?" என்றாள் ஓமனா. "நம்ம ரூமில தொங்குமே, அதா?"

"அம்மா, சும்மா இரி. அது வேற. ஆனா அவங்க திருவனந்தபுரத்தில வச்சே வேல தருவோம்னு சொல்லுதாங்க."

"அப்படின்னா வீட்டிலேருந்து போய்ட்டு வரலாமா?"

"வரலாம். அதொண்ணுதான் அதில உள்ள கொணம்."

ஓமனாவுக்கு அந்தக் குணம் போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவள் அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கவில்லை. பெரியது எது சின்னது எது என்று அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"என்னைக்குச் சேரணும்?"

"ஹிந்த்ஜெட்டில ஜூலை இருவத்தினாலு. டெல்லிப் பக்கம். சஹ்யாவில ஆகஸ்டு பத்தொம்பது, ஹைதராபாத்து."

ஓமனா எழுந்து கை கழுவினாள். சுவரில் தமிழ்க் காலண்டர் ஒன்றும் மலையாளக் காலண்டர் ஒன்றும் ஒரே ஆணியில் தொங்கின. ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் ஆடி என்றும் சொல்வோம், கர்க்கடகம் என்றும் சொல்வோம். எந்தப் பெயரில் சொன்னாலும் அந்த மாதத்தில் கல்யாணம் இல்லை, புது வீட்டில் பால் காய்ச்சு இல்லை, புது வேலைக்கு இறங்கிப் போவதும் இல்லை.

"இருவத்தினாலு கர்க்கடகம் எட்டுல்லா?" என்றாள் ஓமனா. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நந்தனா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாளையின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நஸீம் கூப்பிட்டான். தேங்காய்ப்பட்டணத்துக்காரன். மகாராஷ்டிராவில் அவளோடு படித்தவன். நூறு மைல் சுற்றளவில் தமிழ் பேச வேறு ஆள் இல்லாத இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கஞ்சியும் தேங்காய்ச் சம்மந்தியும் உண்டாக்கித் தின்றார்கள். அவனுக்கு ஹிந்த்ஜெட் மட்டும்தான் கிடைத்திருந்தது.

"டிக்கெட்டு எடுத்தியா? ஒரே பிளைட்டில போலாம்," என்றான்.

நந்தனா விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றான் நஸீம். "ஏர்லைன்ல மார்க்கும் பாக்கமாட்டான், வயசும் பாக்கமாட்டான். சேந்த தேதிதான் கணக்கு. அன்னைக்கு ஒரு நம்பர் தருவான். கேப்டன் ஆறதும் அத வச்சுத்தான், எந்த ஊருங்கதும் அத வச்சுத்தான், பெருநாளுக்கு லீவு கேட்டாலும் அத வச்சுத்தான். ஒரு நாள் பிந்தினா முப்பது பேரு உனக்க முன்னால போயிருவான். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவன் முன்னாலதான்."

"எனக்குத் தெரியும் நஸீம்."

"தெரிஞ்சா பின்ன என்ன? உனக்க அம்மாட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம். உனக்கென்ன, உங்க வீட்டில கர்க்கடகம் கெடையாதுன்னு சொல்லிருவாங்க."

ஓமனாவை வெறும் பழம்பஞ்சாங்கம் என்று நினைத்துவிடக் கூடாது. டிவியில் செய்தி பார்ப்பாள், குழித்துறைக்குத் தனியாகப் போய் வழக்கு நடத்துவாள், பேங்கில் மேனேஜரிடமே சட்டம் பேசுவாள். கர்க்கடகத்தில் மட்டும் அவளுக்கு அசைவே இல்லை. காரணம் அவளுடைய தம்பி மகேஷ்குமார். அவனுக்குக் குவைத்தில் விசா வந்தது ஒரு கர்க்கடகம் பன்னிரண்டாம் தேதிக்கு. அன்றைக்கு எல்லாரும் படித்த பேச்சு பேசினார்கள். கிருஷ்ணமணிதான் ஜீப் பிடித்து ஏர்போர்ட்டில் கொண்டு விட்டார். மூன்றாவது மாதம் கட்டடச் சாரம் சரிந்து மகேஷ்குமார் செத்தான். பெட்டியை வாங்க அதே ஏர்போர்ட்டுக்கு அதே ஜீப்பில் போனவரும் கிருஷ்ணமணிதான்.

அதனால்தான் அன்று சாயங்காலம் தாயும் மகளும் மோதிக்கொண்டபோது அவருக்கு வாய் திறக்க முடியவில்லை.

"மாமன் செத்தது சாரம் சரிஞ்சு," என்றாள் நந்தனா. "அத மாசமா தள்ளிவிட்டுது?"

"எதுவேணா தள்ளட்டு. போனது எனக்க தம்பி."

"அம்மா, இது ஒரு நாள் பிந்தினாலும் போச்சு. எனக்கப் பத்து வருஷம் போச்சு. நீ எனக்கு வேற என்ன வேணும்னாலும் கேளு."

ஓமனா தேங்காய் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நந்தனா பிழைத்திருப்பாள்.

"ஏட்டி, நான் உனக்கிட்ட இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கேன்? பறக்கப் படிக்கணும்னே, செரின்னேன். விளைய வித்தாரு, செரின்னேன். அது உனக்கக் கல்யாணத்துக்குன்னு வச்சிருந்த விளை. இருவத்தாறு வயசாச்சே, எதுக்கு வீட்டில வச்சிருக்கன்னு எனக்க அண்ணன் பொண்டாட்டி கேட்டா. எனக்க பிள்ள பைலட்டுன்னு நிமிந்து நின்னேன். எல்லாம் நீ சொன்னபடிதான். நான் கேக்கது ஒரு மாசம். கர்க்கடகம் கழியட்டும். ஒரு வேலையா இருந்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன். தெய்வம் ரெண்டு தந்திருக்கு, ஒண்ணு ஆவணியில தந்திருக்கு. பின்னயும் நீ கர்க்கடகத்திலதான் போவேன்னு நின்னா, நான் என்ன நெனைக்க?"

பெரிய சண்டையில் ஜெயித்த நந்தனாவுக்குச் சின்னச் சண்டையில் ஜெயிக்க வெட்கமாக இருந்தது. பெற்றவர்கள் விட்டுக்கொடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கு வருகிற நோய் இது. எதிர்த்தே வளர்ந்த பிள்ளையாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கும்.

கடைசி முயற்சியாக, சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று ஹிந்த்ஜெட்டுக்கு எழுதினாள். ஆடி மாதம் என்று எழுத முடியுமா? குடும்பச் சூழ்நிலை என்று எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. தேதியை மாற்ற இயலாது, குறித்த நாளில் வராவிட்டால் வேலையை ஏற்க மறுத்ததாகவே கருதப்படும் என்று இரண்டே வரி.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கிருஷ்ணமணி ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். உறைந்த பால்கட்டியை மெஷினில் கொடுத்து ஒரு கையால் சுற்றி மறு கையால் வாங்குகிற வேலை. மழைக்காலத்தில் வெயிலில்லாமல் ஷீட் உணங்காது, பூப்பிடிக்கும், விலையும் நிற்காது. நந்தனா போய் மறுபக்கம் நின்று வெளியே வருகிற ஷீட்டைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து அது அவளுடைய வேலை.

"அப்பா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க போன்னு சொன்னா நான் போயிருவேன்."

கிருஷ்ணமணி சுற்றுவதை நிறுத்தவில்லை. அவர் மனதில் அப்போது ஓடியது மகேஷ்குமாரின் பெட்டியா, அல்லது விளையை விற்ற அன்றைக்கு ஓமனா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டதா, தெரியாது. இரண்டு ஷீட் வந்து விழுந்த பிறகு சொன்னார்.

"ரெண்டும் பறக்கத்தானே செய்யும் மக்களே?"

அவள் ஷீட்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கிருஷ்ணமணி நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷன் தன் ஆயுசில் சொன்ன மிக மோசமான வார்த்தை அதுதான் என்று நான் சொல்வேன்.

இருபத்தினாலாம் தேதி நல்ல மழை. பால் வெட்டு இல்லை. கிருஷ்ணமணி கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். ஓமனா ஞவரை அரிசியில் மருந்துக் கஞ்சி வைத்து மூன்று பேருக்கும் ஊற்றினாள். மகளுக்கு மட்டும் கூடுதலாகத் தேங்காய்ப் பால் விட்டாள். நந்தனா குடித்தாள். ஒருத்தரும் மணியைப் பற்றியோ தேதியைப் பற்றியோ பேசவில்லை.

அமாவாசையன்று குழித்துறையில் செத்தவர்களுக்கு வாவுபலி. தம்பிக்குப் பலியிட ஓமனா வருஷா வருஷம் போவாள். அந்த முறை நந்தனாவையும் கூட்டிப்போனாள். ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. ஈரத்துணியோடு ஆயிரம் பேர் வாழையிலையும் எள்ளும் சோற்றுருண்டையுமாகக் கரையில் நின்றார்கள். அந்தப் பக்கம் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுகிற சத்தமும் மிளகாய் பஜ்ஜி வாசனையும் வந்தன. அந்தக் கூட்டத்தில்தான் நந்தனாவின் போனில் நஸீமின் படம் வந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். கீழே தன் நம்பரை எழுதியிருந்தான். நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. அதற்கடுத்த நம்பர் யாருக்குப் போயிற்றோ.

தலை துவட்டிக்கொண்டு வந்த ஓமனா, "உனக்கு வேண்டியும் மாமன்கிட்ட கேட்டுக்கிட்டேன்," என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நந்தனாவுக்கு அழுகை வந்தது. மழைக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

ஆவணி பிறந்த அன்றைக்கே அவளை வழியனுப்பினார்கள். ஓமனா நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, எதிரே நல்ல சகுனமாக ஆள் வரப் பார்த்து இறக்கிவிட்டாள். ஜஸ்டஸ்தான் ஆட்டோ ஓட்டினான். அன்றைக்கு அவன் கிண்டல் பேசவில்லை, ஆட்டோவுக்கு மாலை போட்டிருந்தான்.

ஹைதராபாத்தில் அவள் எழுதிய பரீட்சை எல்லாவற்றிலும் முதல் தடவையே ஜெயித்தாள். ஓரிடத்தில் நிற்கிற பொய் விமானத்துக்குள் உட்கார வைத்து, ஒரு இன்ஜினை அணைத்து, புகையைக் கிளப்பிச் சோதிப்பார்கள். அதிலும் ஜெயித்தாள். சோதித்த கேப்டன், "கை நடுங்கவே இல்லையே," என்று ஆச்சரியப்பட்டாராம். ரப்பர் மரத்தில் பட்டை அளவுக்கு மேல் கத்தி இறங்கினால் மரம் போய்விடும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கை எதற்கு நடுங்கும்.

தை மாதம் ஒருநாள் அவள் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள். பக்கத்தில் கேப்டன் இருந்தார் என்றாலும் இறக்கியது அவள்தான். கிருஷ்ணமணியும் ஓமனாவும் சங்குமுகம் பக்கம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஓமனா கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தீரா?" என்று புருஷனிடம் கேட்டாள். கர்க்கடகத்தைத்தான் கேட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினார்.

பங்குனியில் சஹ்யா ஏர் கம்பெனி விழுந்தது. அந்த ஒன்பது விமானமும் வாடகை விமானம். வாடகை போகவில்லை என்று சொந்தக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பொறுத்திருங்கள், புது முதலாளி வருகிறார் என்று கம்பெனி சொன்னது. ஹைதராபாத்தில் ஒரு அறையில் ஆறு பெண்கள் நான்கு மாதம் பொறுத்திருந்தார்கள். முதலாளி வரவில்லை. நந்தனா வந்துவிட்டாள், அதே பெட்டியோடு.

ஹிந்த்ஜெட்டுக்கு மறுபடி மனுப் போட உட்கார்ந்தாள். முன்பு எங்கள் வேலையை மறுத்தவரா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று அடித்ததும், மூன்று வருஷம் கழித்து விண்ணப்பிக்கவும் என்று வந்து நின்றது. மற்ற கம்பெனிகளுக்கு ஏர்பஸ் ஓட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அவள் கற்றது ஃபேன் வைத்தது. நஸீம் மட்டும் வாரம் ஒருமுறை கூப்பிட்டான். பிறகு அவள் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் தாயிடம் கேட்டே விட்டாள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "இப்ப என்னம்மா சொல்லுதே?" என்றுதான் கேட்டாள்.

ஓமனா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் என்ன சொல்ல? நானா கம்பெனியப் பூட்டினேன்?"

"நீ அன்னைக்கு விட்டிருந்தா..."

"நான் விடல்லன்னா நீ போவாண்டாமா? பறக்கப் படிக்க நான் விட்டா போனே? அன்னைக்கு மட்டும் அம்மா சொல்லைக் கேக்கணும்னு யாரு சொன்னா? நீ இறங்கிப் போயிருந்தா, நான் பிளேனுக்க முன்னால படுத்தா கெடப்பேன்?"

இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற கிருஷ்ணமணி, பால் வாளியைக் கீழே வைக்காமலே திரும்பி விளைக்குப் போனார். நந்தனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த ஒரு மாசத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஒரு நன்றியாவது மிஞ்சியிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அதிகம் வெளியே வருவதில்லை. கோவிலுக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பாவமாகப் பார்த்தார்கள். கடையில் ஜஸ்டஸ் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டான். வேலை போன எல்லாரையும் ஊர் இப்படித்தான் பார்க்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வந்தாள். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். ஓமனா அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நந்தனா சாயா குடித்துக்கொண்டிருந்தாள். வியாகுலம்மாள் பழத்தை வைத்துவிட்டு நேராக நந்தனாவின் பக்கத்தில் வந்து தலையைத் தடவினாள்.

"இப்படி உள்ளுக்குள்ளயே இருந்தா எப்படி மக்ளே? எல்லாரும் ஒருநாள் தோக்கத்தான் செய்வாங்க. எங்க லிஜோ பத்தாம் கிளாஸு மூணு தடவ எழுதினான். இப்ப கத்தாருல சூப்பர்வைசர்."

"எதில தோத்தேன் மாமி?" என்றாள் நந்தனா.

"அந்தப் பொய் ஏரோப்பிளேனுல இருத்திப் பாப்பாங்களாமே, அதில. தல சுத்திப் போச்சாமே உனக்கு. அதினாலதான் கம்பெனி அனுப்பிட்டான்னு அம்ம எங்ககிட்டயெல்லாம் சொல்லிக் கண்ணீரு விட்டா. ஒருக்க தோத்தா என்ன மக்ளே? திரும்ப எழுது. நான் அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன்."

அடுக்களையில் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

நந்தனா தலையைத் திருப்பினாள். ஓமனா திருவலையில் கையை வைத்தபடி, தேங்காய்ப் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்வாசலில் கிருஷ்ணமணி நின்றார். அவரும் மகளைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. கோவிலில் பெண்கள் பேச்சை நிறுத்தியதும் ஜஸ்டஸ் தலைகுனிந்ததும் ஏன் என்று நந்தனாவுக்கு இப்போது விளங்கியது.

ஒரு வார்த்தை போதும். கம்பெனிதான் மூடிப்போனது, நான் எதிலும் தோற்கவில்லை, அதைவிட நல்ல வேலைக்குப் போகாமல் என்னைக் கர்க்கடகத்தைச் சொல்லிப் பிடித்து வைத்தது யார் என்று இவளிடம் கேளுங்கள் என்று சொன்னால், மத்தியானத்துக்குள் அருமனை ஜங்ஷன் தாண்டிப் போய்விடும். பிறகு ஓமனாவுக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் நிமிர்ந்து உட்கார முடியாது. அந்த வார்த்தை நந்தனாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடுக்களையில் திருவலை மேல் அம்மாவின் கை இன்னும் அசையவில்லை.

"ஆமா மாமி," என்றாள். "ரெண்டு தடவ தோத்தேன்."

வியாகுலம்மாள் உச்சுக்கொட்டி, நெற்றியில் சிலுவை போட்டு, இன்னும் கொஞ்ச நேரம் லிஜோவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் அசையவில்லை.

பிறகு ஓமனா எழுந்து வந்து மகளின் பக்கத்தில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நந்தனா காத்திருந்தாள்.

"ரெண்டுன்னு எதுக்குட்டி சொன்னே?" என்றாள் ஓமனா தாழ்ந்த குரலில். "நான் எல்லார்கிட்டயும் ஒரு தடவன்னுல்லா சொல்லி வச்சிருக்கேன்?"